மீள்பதிவில் வந்த ராமையா

நம் அலுவலகச் சுவரில் புதிதாக ஓர் அட்டை ஒட்டியிருக்கிறீர்கள். போன வாரம் டீ குடிக்க வந்தபோது பார்த்தேன். 'வலைப்பதிவு வகைகள்' என்று தலைப்பு. பயணப் பதிவு, சமையல் பதிவு, படப் பதிவு, காணொளிப் பதிவு, நேரலைப் பதிவு, கூட்டுப் பதிவு, நிறுவனப் பதிவு என்று வண்ண வண்ணக் கட்டங்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒட்டியிருந்தால் எழுத்துரு சரியில்லை என்று கிழித்துப் போட்டிருப்பேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமை இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்றீர்கள். எனக்கு நின்று பேச வராது. உட்கார்ந்து தட்டச்சு செய்யத்தான் வரும். அதனால் இது.

எங்கள் காலத்தில் வகை பிரிக்கும் முன்னால் பெயர் வைப்பதிலேயே சண்டை. வலைப்பூவா, வலைப்பதிவா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். எழுதி ஏற்றுவது இடுகை. அதன் கீழே வாசகர் எழுதுவது பின்னூட்டம். அந்தப் பின்னூட்டத்தைப் பதிவர் படித்துப் பார்த்து வெளியே விடுவது மட்டுறுத்தல். பேர் சொல்லாமல் வருகிறவர் அனானி. சரக்கில்லாமல் எழுதினால் மொக்கை. அந்த மொக்கைக்குக் கீழே பத்துப் பேர் கூடி அரட்டை அடித்தால் கும்மி. எல்லாருடைய புது இடுகைகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் தளம் திரட்டி. பழைய இடுகையை மறுபடி ஏற்றினால் அது மீள்பதிவு. இந்தக் கடைசிப் பெயர் உங்கள் அட்டையில் இல்லை. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

அப்போது இது அலுவலகமே இல்லை. நம் தீவில், ஷாதிபூரில் ஓர் அச்சகம்; அதன் முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்ட பிரவுசிங் சென்டர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காலண்டர் அடிப்போம். நான் டிடிபி ஆபரேட்டர். முதலாளியை எல்லாரும் பாய் என்போம். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடிப்பார். சுனாமிக்குப் பிறகு தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள் என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். மெயின்லேண்டில் இருக்கும் சொந்தங்கள் போன் போட்டால் லைன் கிடைக்காது.

"பேப்பர்ல ஒட்டினா ஷாதிபூர்க்காரன்தான் படிப்பான். நெட்ல போடு பெஹன், பூரா துனியா படிக்கும்" என்றார் பாய். அப்படித்தான் நம் வலைப்பதிவு தொடங்கியது. அது என்ன வகை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்போம். வெறும் பெயர்ப் பட்டியல்.

பிறகு எல்லா வகையும் செய்து பார்த்தோம். படப் பதிவு என்று ஆரம்பித்தால், ஒரு படம் ஏறுவதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். அப்படி இருந்தது இணைப்பு. ஒருமுறை கப்பல் புறப்படுவதை நேரலையாகப் போடுகிறோம் என்று கிளம்பினோம். நான் ஹாடோ துறைமுகத்திலிருந்து போனில் சொல்ல, பாய் ஒரு விரலால் தட்டச்சு செய்ய, 'இதோ புறப்படுகிறது' என்று மூன்று தடவை ஏற்றினோம். கப்பல் மறுநாள்தான் போனது. நான் தினமும் வீட்டுக்குப் போகும் பாம்பூஃப்ளாட் படகில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இதோ புறப்படுகிறதா மேடம்?" என்று ஒரு வாரம் என்னைக் கேலி செய்தார்கள். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தவறு. அடுத்தது அப்படியில்லை.

திரட்டியில் ஓர் இடுகை மேலே நிற்பது சில மணி நேரம்தான். புதியவை வர வர அது கீழே இறங்கிவிடும். அதனால், நன்றாக எழுதியதை நல்ல நாள் பார்த்து மறுபடி ஏற்றுவது தமிழ்ப் பதிவர்களின் பழக்கம். தலைப்பிலேயே மீள்பதிவு என்று போட்டுவிட வேண்டும். அது படிக்கிறவருக்குச் செய்யும் மரியாதை.

சுனாமியின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளன்று நானும் எங்கள் முதல் இடுகையை எடுத்து ஏற்றினேன். 'தெற்குத் தீவுகளிலிருந்து வந்து முகாமில் இருப்பவர்கள்' என்பது தலைப்பு. மேலே ஒரு மெழுகுவத்திப் படம் வைத்தேன். தலைப்பின் முடிவில் மீள்பதிவு என்று தட்டச்சு செய்தேன். பிறகு அழித்தேன். அந்தச் சொல்லைப் பார்த்தால் பழைய சோறு என்று பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள். அன்றைக்கு நிறையப் பேர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு நல்ல பெயர் வைக்க நானும் பல வருடம் முயன்றுவிட்டேன், கிடைக்கவில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு வரி: 'ராமையா, கச்சால், ரப்பர் தோட்டம், நலம்.' இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது உங்களுக்குத் தெரியும். அங்கே இரண்டு ராமையாக்கள் இருந்தார்கள். முதல் தடவை அவசரத்தில் தட்டச்சு செய்தபோது நான் அப்பா பெயரை விட்டுவிட்டேன். அப்போதே ஓர் அனானி வந்து பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்: 'இவர் பெருமாள் மகன் ராமையா. இப்போது பாம்பூஃப்ளாட்டில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். சுப்பையா மகன் ராமையா வேறு. அவரைப் பற்றித் தகவல் இல்லை.' நான் நன்றி என்று பதில் போட்டேன். மேலே இருந்த வரியைத் திருத்தவில்லை. கீழேதான் இருக்கிறதே, படிக்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மீள்பதிவு செய்யும்போது இடுகையைத்தான் நகலெடுப்போம். பின்னூட்டங்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். என் தவறு புதுத் தேதியோடு மேலே வந்தது. திருத்தம் இரண்டு வருடம் கீழே கிடந்தது.

போதாக்குறைக்கு அன்று சாயங்காலமே இரண்டு அனானிகள் வந்து, நினைவு நாள் இடுகை என்றுகூடப் பார்க்காமல் வேறு எதற்கோ சண்டை போட்டார்கள். எனக்குக் கோபம் வந்து மட்டுறுத்தலைப் போட்டுவிட்டேன். இனி நான் பார்க்காமல் ஒன்றும் வெளியே வராது. ஆனால் நான் பார்க்கவே இல்லை. டிசம்பர் கடைசி வாரம் அச்சகத்தில் எப்படி இருக்கும்? தலைக்கு மேல் காலண்டர் வேலை. ஆறு நாள் கழித்துத்தான் பின்னூட்டங்கள் காத்திருக்கும் பெட்டியைத் திறந்தேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி இரண்டு பின்னூட்டம் போட்டிருந்தாள். முதலாவது: 'கச்சால் ராமையா எங்கள் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் அண்ணன். இரண்டு வருடமாகக் காணவில்லை என்று இருந்தோம். இப்போது எந்த முகாமில் இருக்கிறார்? சீக்கிரம் பதில் போடுங்கள்.' இரண்டாவது மூன்று நாள் கழித்து: 'பதில் வரவில்லை. அக்கா கிளம்பிவிட்டார்கள். கப்பல் டிக்கெட் கிடைத்துவிட்டது.' கீழே ஒரு போன் நம்பர்.

உடனே அந்த நம்பரைப் பாயின் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"அக்கா முந்தாநாளே மெட்ராஸ்ல கப்பல் ஏறிட்டாங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "அண்ணன் எப்படி இருக்காரு? பேசுறாரா?"

அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். கப்பல் மறுநாள் காலை ஹாடோவுக்கு வரும். நடுக்கடலில் இருக்கும் மனுஷிக்கு எப்படிச் சொல்வது?

பாய் காலண்டர் கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தார். "டிலீட் மாரோ. அபி, இப்பவே. இன்னும் யாராவது பாத்துட்டுக் கிளம்பினா என்ன பண்ணுவ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. "அந்தம்மா கையில இத பிரிண்ட் எடுத்த காயிதம் வச்சிட்டு வருவாங்க பாய். அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு நாம சொல்ற மாதிரி ஆயிடும்" என்றேன். கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் அந்த வரியின் மேல் கோடு போட்டு, பக்கத்திலேயே அப்பா பெயரோடு சரியானதை எழுதி, இடுகையின் தலையில் 'இது இரண்டு வருடத்துக்கு முந்தைய பட்டியல், தவறு என்னுடையது' என்று சிவப்பில் போட்டேன். பாய் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார். மட்டுறுத்தலையும் எடுத்துவிட்டேன்.

அடுத்தது, பெருமாள் மகன் ராமையா. வீட்டுக்குப் போகும் படகில் பாம்பூஃப்ளாட்டில் இறங்கி விசாரித்தேன். ஒரு ஹார்டுவேர் கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தோளில் இருந்த சிமெண்டு மூட்டையை இறக்கி வைத்தார்.

"சுப்பையா மகனோட தங்கச்சியா? கோத்தகிரி தங்கச்சியா?"

"ஆமாங்க. உங்களுக்கு அவரைத் தெரியுமா? அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றார். "அந்தத் தங்கச்சி வரட்டுங்க. அதுகிட்டதான் சொல்லணும்."

பாயிடம் போனில் சொன்னேன். "அப்ப அவரையே ஹாடோ ஜெட்டிக்குக் கூட்டிட்டுப் போ. ஆளப் பாத்தா அவங்களுக்கே சமஜ் ஆயிடும், நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வாயைத் திறக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் புரண்டு படுத்து யோசித்தேன். ராமையா என்ற பேரைக் கேட்டு அந்தம்மா கூட்டத்தில் முகம் முகமாகத் தேடுவார். கடைசியில் யாரோ ஒரு மனிதர் முன்னால் வந்து நிற்பார். என் வாய்க்கு வசதி பார்த்து அவரை அந்த நிலையில் நிறுத்த எனக்கு என்ன உரிமை? தனியாகப் போவது என்று முடிவு செய்தேன்.

காலையில் ஹாடோவில் லெட்சுமி அக்காவைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய கூட்டத்தில், அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் பக்கத்தின் பிரிண்ட். நான் வைத்த மெழுகுவத்திப் படம் கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. தோள் பையில் தேயிலைத் தூள் பொட்டலங்கள் பிதுங்கின. வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"லெட்சுமி அக்காவா?"

"ஆமாங்க. நீங்க ஆப்பீசுல இருந்து வாரீங்களா? அண்ணே வரலீங்களா? நடக்க முடியாம இருக்குதுங்களா?"

ராத்திரி நான் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அக்கா, இந்தப் பேரு உங்க அண்ணன் இல்ல. வேற ராமையா. இது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எழுதினது. எழுதினது நான். அப்பா பேரை எழுதாம விட்டதும் நான், திரும்பப் போட்டதும் நான்."

அவர் பையைக் கீழே வைத்தார். அந்தப் பிரிண்டை ஒருமுறை பார்த்தார். சுமைக்காரர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டட்டும், கத்தட்டும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்:

"அப்ப இந்த ராமையா நல்லா இருக்காருங்களா?"

"இருக்காரு அக்கா."

"அவரயாச்சும் பாக்கணும்."

சாத்தம் படகுத்துறையிலிருந்து பாம்பூஃப்ளாட் படகில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இலங்கையிலிருந்து வந்தபோது அண்ணனுக்குக் கச்சால் ரப்பர், கல்யாணமான தங்கைக்குக் கோத்தகிரித் தேயிலை என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிவிட்டார்கள். அதன்பின் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். சுனாமிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் காணவில்லை என்றுதான் இருந்தது. அதனால் காரியம் எதுவும் செய்யவில்லை. அண்ணி முன்னமே இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. "நான்தாங்க இருக்கேன், வேற யாரு இருக்கா?" என்றார். கச்சாலுக்கே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பாஸ் இல்லாமல் வெளியார் அங்கே போக முடியாது என்று சொன்னேன்.

ராமையா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். லெட்சுமி அக்கா அவரைப் பார்த்ததும் கை கூப்பினார். ராமையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் மேட்டு லயம் ராமையா, உங்க அண்ணன் பணிய லயம் ராமையா. மேல வரிசை வீட்டுல நான், கீழ வரிசையில அவரு. பேரு ஒண்ணுங்கறதால எல்லாரும் அப்புடித்தான் கூப்புடுவாங்க" என்று தொடங்கினார். "தண்ணி வருதுன்னு எல்லாரும் மேட்டுக்கு ஓடுனோம். அவரும் வந்துட்டாரு தங்கச்சி. வந்து எங்கூட நின்னாரு. ஆடு ரெண்டும் கட்டிக் கெடக்கு, அவுத்து விட்டுட்டு வாரேன்னு எறங்குனாரு. நான் கையப் புடிச்சேன். ஒதறிட்டுப் போயிட்டாரு. ரெண்டாம் நாளு நான்தான் பாத்தேன். நாங்க நாலு பேரு சேந்து மேட்டுலயே பொதச்சோம்."

"நீங்க பாத்தீங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

"என் கையால மண்ணு போட்டேன் தங்கச்சி."

நான் குறுக்கே கேட்டேன்: "அப்பறம் ஏன் அவரு பேரு காணவில்லைன்னே இருக்கு? நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னேங்க. கப்பல்ல ஏத்துறப்ப பேரு கேட்டாங்க. ராமையான்னேன். எழுதிக்கிட்டாங்க. ராமையா செத்துட்டாருன்னும் சொன்னேன். எழுதுனவரு என்னய ஏற எறங்கப் பாத்தாரு. தண்ணியக் கண்ட பயத்துல ஒளறுறேன்னு நெனச்சிட்டாரு போல. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவரும் தூங்கி எத்தன நாளாச்சோ."

எங்கள் மூன்று பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் அப்போது அழுகை வந்தது. லெட்சுமி அக்கா எழுந்து போய், தான் கொண்டு வந்த தேயிலையில் எங்கள் எல்லாருக்கும் பால் ஊற்றாத சாயம் போட்டுக் கொடுத்தார். ராமையா குடித்துவிட்டு, "இது கோத்தகிரி சாயமேதான், அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். அன்று ராத்திரி லெட்சுமி அக்கா என் வீட்டில்தான் தங்கினார். ஒரு சொல்கூட என்னைக் கடிந்து பேசவில்லை.

புதியவர்களே, அறிவுரை என்று கேட்டால் என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. தவறு எங்கே இருக்கிறதோ அங்கேயே திருத்துங்கள். கீழே யாரோ திருத்திவிட்டார் என்று போய்விடாதீர்கள். மட்டுறுத்தல் போட்டால் தினமும் பெட்டியைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் போடாதீர்கள், அனானி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். நீங்கள் இன்று எழுதுவது டைவிங் கடைக்கும் ஓட்டலுக்கும்தான், தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் யார் எதற்காகக் காத்திருந்து படிக்கிறார் என்பதை அட்டையில் இருக்கும் எந்தக் கட்டமும் உங்களுக்குச் சொல்லாது.

மறுநாள் காலை லெட்சுமி அக்கா என்னோடு அச்சகத்துக்கு வந்தார். நேராக என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணன் பேரு போட்ட எடத்தத் தொறங்க. அதுல எழுதணும்."

புது இடுகை ஒன்றைத் திறந்து தட்டச்சு செய்தேன்: 'கச்சால் தீவு, பணிய லயம், சுப்பையா மகன் ராமையா சுனாமியின்போது காலமானார்.' படித்துக் காட்டினேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நல்ல வார்த்தையெல்லாம் வேணாங்க. ரெண்டு வருசமா எல்லாரும் காணோம் காணோம்னே எழுதிட்டாங்க. செத்துருச்சுன்னு இன்னும் ஒருத்தரும் எழுதல. நீங்க எழுதுங்க. ஆட்ட அவுத்து விடப் போயி செத்துருச்சு. மேட்டு லயம் ராமையா மண்ணு போட்டாரு."

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். பாய் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதுனதுன்னு கேப்பாங்களா?" என்றார் லெட்சுமி அக்கா.

"கேப்பாங்க அக்கா. கீழ பேரு வரும்."

"தங்கச்சி லெட்சுமின்னு போடுங்க."

போட்டேன். பொத்தானை அழுத்தியதும் பக்கம் மெதுவாகத் திறந்தது. இது அண்ணே பேரு, இது உங்க பேரு என்று விரல் வைத்துக் காட்டினேன். அதுவரை கண் கலங்காதவர், மேசையில் தலையைக் கவிழ்த்து "அண்ணே" என்று வாய்விட்டு அழத் தொடங்கினார். பாய் எழுந்து பிரவுசிங் சென்டரின் முன்கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். லெட்சுமி அக்கா அழுது முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடவில்லை.